பதினான்காம் வரியில் ஒரு ப்

புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சோதனைக்கென்று ஆபீசில் வைத்திருக்கும் போன் மணியடித்தது. அடித்துவிட்டு, கணீரென்ற பெண் குரலில் "மாத்திரையைப் போட்டுவிடுங்கள்" என்றது. ஒத்தக்கா திரும்பிப் பார்த்தாள். அன்று காலை பத்து மணிக்குத்தான் அந்த வரியை "மாத்திரையை விழுங்குங்கள்" என்று மாற்றியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையிலும் அதையேதான் மாற்றினாள். திங்கட்கிழமையும் அதையேதான். காலையில் மாற்றுவாள், மத்தியானம் பார்த்தால் பழைய வரி திரும்பி வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கும்.

ஒத்தக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஆபீசில் "ஒற்று அக்கா" என்று ஆரம்பித்து, வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வர வேண்டிய க், ச், த், ப் எதையாவது யாராவது விட்டுவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த "தண்ணீரை திறந்து விடாதீர்கள்" என்ற அறிவிப்பில் பேனாவால் ஒரு த் போட்டுவிட்டு வந்தவள் அவள்.

மறதி உள்ளவர்களுக்கு மாத்திரை வேளையை ஞாபகப்படுத்தும் செயலி ஒன்றைச் செய்து விற்கிற கம்பெனி அது. செயலி வாய் திறந்து சொல்லும் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளும் ஒரே கோப்பில் இருக்கின்றன. அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன கோப்பு. மனிதர் ஒற்று என்ற பேச்சே இல்லாமல் எழுதித் தள்ளியிருந்தார். வந்த நாளிலிருந்து அவளுக்குக் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எந்த வரியைத் தொட்டாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும், புள்ளி வைப்பதற்கெல்லாம் டாக்டரைக் கூப்பிட முடியாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

பதினான்காம் வரியை மாற்ற மட்டும் உத்தரவு வந்தது. காரணம் ஒரு பெரியவர். எண்பது வயது, சொன்ன சொல் தட்டாத மனிதர். போன் தினமும் போட்டுவிடுங்கள், போட்டுவிடுங்கள் என்கிறதே என்று மாத்திரையை ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டிருக்கிறார். பத்து நாள் போட்டார். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் மகள் போன் செய்து சொன்னபோது ஆபீசில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஒத்தக்காவும் அரை நொடி சிரித்தாள், அப்புறம் அவமானமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது வரி எல்லார் போனுக்கும் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் இன்னும் எத்தனை ஜன்னலோ, யார் கண்டது?

கோப்பு இருக்கும் இடத்துக்கு ரெப்போ என்று பெயர். அங்கே யாரும் எதையும் கமுக்கமாகச் செய்துவிட முடியாது. யார், எப்போது, எந்த வரியை எப்படி மாற்றினார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். ஒத்தக்கா பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்த இடத்தில், மாற்றியவர் என்ற கட்டத்தில் அவள் பெயரே இருந்தது. புதனும் அவள், செவ்வாயும் அவள், திங்களும் அவள். நேரம் 05:40.

காலை ஐந்து நாற்பதுக்கு அவள் வீட்டில் டீ போட்டுக்கொண்டிருப்பாள். லேப்டாப் பைக்குள் இருக்கும். எடுத்துத் திறந்தாளா? ஞாபகம் இல்லை. திறக்கவில்லை என்பதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். அதுவும் சரியாகச் சொல்ல வரவில்லை.

இதில் இன்னொரு கூத்து. திரும்பி வந்த பழைய வரி அச்சு அசல் பழைய வரி இல்லை. பழையதில் "மாத்திரையை போட்டுவிடுங்கள்" என்றுதான் இருந்தது. திரும்பி வந்ததில் ஒரு ப் கூடியிருந்தது. இலக்கணப்படி அங்கே வர வேண்டிய ப்.

"இந்த ஆபீஸ்ல ஒத்து போடுறது ஒரே ஆளுதானே மேடம்," என்றார் மேனேஜர். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தண்ணீர் கிளாசை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல அம்மாவை வேற பாத்துக்கிறீங்க. ரெண்டு வாரம் லீவு போடுங்க. டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க. ரெப்போ சாவியை, அதான் அந்த பாஸ்வேர்டை மட்டும், நாளைக்கு நம்ம புரோகிராமர் பூனைகிட்ட ஒப்படைச்சிருங்க."

டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வந்த விருந்தாளிக்கு நாலு தடவை டீ கொடுத்தாள். "நான் எப்ப கொடுத்தேன்?" என்று ஒவ்வொரு தடவையும் சத்தியம் செய்தாள். சத்தியம் பொய் இல்லை, அவளுக்கு அப்படித்தான் இருந்தது. இந்த மறதி நோய் அம்மாவிடமிருந்து மகளுக்கு வருமா என்று டாக்டரிடம் கேட்க ஒத்தக்கா இரண்டு வருடமாக வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறாள்.

சாயங்காலம் பஸ்சில் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், அம்மாவுக்கு டாக்டர் வைத்த பரீட்சை அது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று முப்பது வரை சரியாக வந்தாள். அதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. பாஸா பெயிலா என்று அவளுக்கே விளங்கவில்லை. இறங்கி வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பூனையின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். பூனை புரோகிராமர். பக்கத்தில் வந்து நிற்பதே தெரியாமல் நடப்பதால் அந்தப் பெயர். ஒத்தக்கா மாதிரி புரோகிராம் தெரியாதவர்கள் ரெப்போவில் கைவைக்க ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தவன் அவன்தான். பக்கத்தைத் திறந்தால் எல்லா வரியும் தெரியும், திருத்தலாம், கீழே "சேமி" என்று பெரிய பொத்தான் இருக்கும்.

"சாவியைக் கொடுக்கத்தான் வந்தேன்," என்றாள். "கொடுக்குறதுக்கு முன்னாடி, அந்தப் பொத்தானை அமுக்கினா உள்ளே என்ன நடக்குதுன்னு ஒரு தடவை காட்டு. நான் எங்க கோட்டை விட்டேன்னு என் கண்ணால பாத்துட்டுப் போறேன்."

பூனை நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஏபிஐன்னு ஒண்ணு இருக்குக்கா. ரெப்போவோட கவுன்டர் ஜன்னல்னு வச்சுக்கங்க. உள்ளே போக விடமாட்டாங்க, ஜன்னல்லதான் கேக்கணும். இந்தக் கோப்பைக் கொடுன்னு கேட்டா இப்படி வரும்." திரையில் எழுத்தும் எண்ணும் கலந்து கூளமாக ஏதோ வந்து கொட்டியது. "இது நம்ம கோப்புதான், மூட்டை கட்டி அனுப்புது. பிரிச்சா நம்ம வரி. கூடவே ஒரு நீள நம்பர் வருது பாருங்க, அது கோப்போட கைரேகை. ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிடும். மாத்தணும்னா புதுக் கோப்போட, நீங்க வாங்கிட்டுப் போன கைரேகையையும் சேத்துக் கொடுக்கணும். நடுவுல வேற யாராவது மாத்தியிருந்தா கைரேகை ஒத்துப்போகாது, ஜன்னலை அடைச்சிடுவான்."

ஒத்தக்கா இதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். "அப்போ யாராவது பழைய பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு சேமின்னு அமுக்கினா ஏத்துக்காது."

"ஏத்துக்காது."

"என் வரியைத்தான் மூணு நாளா பழைய வரி வந்து தின்னுட்டுப் போகுதே. அதை மட்டும் எப்படி ஏத்துக்கிச்சு?"

பூனையின் காதுமடல் சிவந்தது. "அது வந்துக்கா," என்றான். "ஆரம்பத்துல எல்லாரும் புகார் பண்ணாங்க, ஜன்னல் அடைச்சுக்குது, ஜன்னல் அடைச்சுக்குதுன்னு. அதனால சேமி அமுக்கின அந்த நொடியில புதுக் கைரேகையை வாங்கி நானே ஒட்டிக் கொடுக்குற மாதிரி பண்ணிட்டேன். அதுக்கப்புறம் யாரும் புகார் பண்ணலை."

"நல்லா இருக்கு. காவல்காரனையே திருடனுக்குக் கதவு திறக்க வச்சிருக்கே."

"இன்னொண்ணும் இருக்குக்கா. பக்கத்துக்கு ஒரு சாவி வேணுமே. நம்ம டீம்ல அனுமதி வாங்கினது நீங்கதான். உங்க சாவியைத்தான் பக்கத்துக்குள்ளேயே வச்சிருக்கேன். யார் அமுக்கினாலும் பதிவேட்டுல உங்க பேருதான் விழும்." அவசரமாகச் சேர்த்தான், "ஆனா அந்த லிங்க் இருக்குறது உங்ககிட்டயும் என்கிட்டயும் மட்டும்தான்."

கிடைத்த நூலும் கையிலிருந்து நழுவியது. பூனை செய்யவில்லை என்றால் மிச்சம் அவள்தான். "காலைல அஞ்சு நாற்பதுக்கு நான் வீட்லதான் இருக்கேன்," என்றாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"அஞ்சு நாற்பதா? எங்க பாத்தீங்க?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள்.

"ஐயோ அக்கா, இது நம்ம நேரம் இல்ல. ரெப்போ எழுதுறது உலகப் பொது நேரம். அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். இது பதினொண்ணு பத்து."

பதினொன்று பத்து. பதினொரு மணிக்கு ஆபீசில் கூட்டம். எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று ஒப்பிக்க வேண்டும். இருபது நிமிடம் ஓடும். கையில் பேனாகூட இருக்கக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் அங்கே நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே நின்று கொட்டாவி விட்டவன் பூனைதான்.

"நான் இல்லை," என்றாள். "அப்போ நான் இல்லை." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் மறைக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் சொந்த மூளை தன்னிடமே இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் வரும்.

பூனை ஒரு காகித நாப்கினை நீட்டிவிட்டுப் பதிவேட்டைப் பின்னோக்கி ஓட்டினான். "மூணு நாள் இல்லக்கா, இன்னும் போகுது. பாருங்க, மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை ஆரம்பிச்சிருக்கு. மொத்தம் பதினஞ்சு தடவை. எல்லாம் பதினொண்ணு பத்து, பதினொண்ணு பன்னிரண்டு, இந்தக் கணக்குதான். சனி, ஞாயிறு கிடையாது. முன்னாடி யாரும் கவனிக்கலை, ஏன்னா அப்போ யாரும் எந்த வரியையும் மாத்தலை, பழசுக்குத் திரும்ப எதுவும் இல்ல. தினம் நாலஞ்சு ஒத்து மட்டும் கூடியிருக்கு."

அவன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். "தண்ணீரை குடியுங்கள்" என்பதில் ஒரு க் ஏறியிருந்தது. "டாக்டரை பாருங்கள்" என்பதில் ஒரு ப். ஒன்றுகூடத் தப்பு இல்லை. எங்கே வரக் கூடாதோ அங்கே கைவைக்கவே இல்லை. ஒத்தக்கா படித்துக்கொண்டே போனாள். இத்தனை சுத்தமாக ஒற்று போடுகிறவர் உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் வியாழக்கிழமை. அன்றைக்குத்தானே.

"பூனை, நான் வீட்டுக்குப் போறேன்," என்று பையை எடுத்தாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை தன்னுடைய பழைய டேப்லெட்டை அம்மாவிடம் கொடுத்திருந்தாள். பகலில் அம்மா தனியாக இருக்கிறாள். மாடி வீட்டு அக்கா பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். பதினொரு மணி மாத்திரையைச் செயலியே சொல்லட்டும் என்று அதில் போட்டுக் கொடுத்தாள். சனி, ஞாயிறு அவளே பக்கத்தில் நின்று விழுங்க வைப்பாள். அந்த டேப்லெட்டில் பூனையின் வலைப்பக்கத்தை அன்றைய பழைய வரிகளோடு திறந்தபடியே விட்டிருந்தாள். மறதிதான். வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற எல்லாருக்கும் உள்ள மறதி.

வீட்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று. உள்ளே டேப்லெட் மணியடித்து, அதே கணீர்க் குரல் போட்டுவிடுங்கள் என்றது. அம்மா சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூப் பார்த்த அம்மா. மணியை விரலால் தள்ளிவிட்டாள். கீழே வலைப்பக்கம் வரி வரியாக விரிந்து கிடந்தது.

"யாரும்மா? பைண்டிங்லேர்ந்தா?" என்றாள் நிமிர்ந்து பார்க்காமல். "உக்காரு. இன்னும் முடியலை."

இன்றைக்கு மகளை அடையாளம் தெரியாத நாள். ஒத்தக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னம்மா பண்றே?"

"பார்த்தா தெரியலையா? தினம் ஒரு பக்கம் பாக்குறேன். எழுதினவ கெட்டிக்காரிதான், ஒத்துலதான் ஒரேயடியா கோட்டை விட்டிருக்கா."

அதை எழுதியது நான் இல்லை, எனக்கு முன்னால் இருந்தவர் என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்த அவமானத்தையும் நாமே வாங்கிக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள். அம்மா ஒரு த் போட்டாள், ஒரு ச் போட்டாள், கீழே வந்து சேமியை அழுத்தினாள். மணி பதினொன்று பத்து.

"மாத்திரை போட்டாச்சா?" என்றாள் ஒத்தக்கா. மாடி வீட்டு அக்கா தினமும் கேட்பதும் இதே கேள்விதான்.

"மணியடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டாச்சே."

அவள் வந்ததிலிருந்து அம்மா வாயில் எதையும் போடவில்லை, தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். ஆனால் மாத்திரைப் பெட்டியில் வியாழக்கிழமைக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

"எங்கம்மா போட்டே?"

"இதுலதான்." அம்மா கண்ணாடிக்கூட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள், ஐந்து ஐந்தாக வரிசை பிடித்து வைத்தது. மூன்று வரிசை, கடைசியில் தனியாக ஒன்று. "பத்திரமா போட்டு வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு தினம் கத்துறாளே, போட்டுவிடுங்கள் போட்டுவிடுங்கள்னு."

ஒத்தக்கா எண்ணிப் பார்த்தாள், பதினாறு. தெருவில் மாத்திரை போட்ட பெரியவரைச் சொல்லிச் சிரித்தோமே என்று நினைத்தாள். மூன்று வாரமாக அம்மா மோசமாகிக்கொண்டு வருகிறாள், நோய் முற்றுகிறது என்று இரவெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தோமே என்று நினைத்தாள். அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டேப்லெட்டை அம்மா பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பதினாலாவது வரியில எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்சம் பாருங்களேன்." அச்சகத்தில் வேலை பார்க்கிற பெண் கேட்பது மாதிரியே கேட்டாள்.

"அதான் ப் போட்டுட்டேனே."

"ப் சரிங்கம்மா. அர்த்தம் சரியா வருதா?"

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உதட்டை அசைத்துப் படித்தாள். "மாத்திரையைப் போட்டுவிடுங்கள்." இன்னொரு தடவை படித்தாள். "எங்க போடணும்? அதைச் சொல்லலையே." திறந்து கிடந்த கண்ணாடிக்கூட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு குழப்பம் வந்து, என்னவென்று பிடிபடாமல் அங்கேயே நின்றது. அப்புறம் விரலை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

சேமியை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் ஒத்தக்காவின் போன் அடித்தது. பூனை. "அக்கா, இப்போ இன்னும் ரெண்டு விழுந்துச்சு. உங்க பேர்லதான். பதினாலாவது வரி வேற மாதிரி இருக்கே."

"அதுதான் சரியான வரி. டாக்டர்கிட்ட அதையே காட்டச் சொல்லு. நாளைக்கு அதுதான் போகணும்." யார் மாற்றினார்கள் என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

"சாரிக்கா," என்றான் பூனை. "கைரேகை விஷயத்தை இன்னைக்கே சரி பண்ணிடுறேன். பக்கத்தையும் மூடிடுறேன்."

"மூடாதே. எங்கம்மாவுக்குன்னு தனியா ஒரு நகல் வை. அவங்க திருத்தம் அதுல வந்து விழட்டும். எதை எடுக்கணும்னு நான் தினம் பாத்துக்கிறேன்."

"சரிக்கா. மேனேஜர்கிட்டயும் சொல்லிடுறேன். பழைய பதிவுலேர்ந்து உங்க பேரை எடுத்துடவா? எடுக்க வழி இருக்கு."

ஒத்தக்கா அம்மாவைப் பார்த்தாள். பதினேழு திருத்தம், எல்லாவற்றிலும் மகள் பெயர். "வேண்டாம். என் பேர்லயே இருக்கட்டும்," என்று போனை வைத்தாள்.

வாசலுக்குப் போய் அம்மாவின் டாக்டருக்குப் போன் செய்தாள். பழைய பதினைந்தைத் தொட வேண்டாம், இன்றைக்கு ஒன்றை மட்டும் கொடுங்கள், நாளைக்கு அழைத்து வாருங்கள் என்றார் அவர். திரும்பி வந்து தனியாக இருந்த மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்தில் தண்ணீர் வைத்தாள்.

"சரியா வருதான்னு ஒரு தடவை சத்தமா வாசிங்கம்மா."

அம்மா வாசித்தாள். "மாத்திரையை வாயில் போட்டு" என்ற இடத்தில் நிறுத்தி, மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். விழுங்கினாள். வரி முடிந்துவிட்டதா என்று திரையை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

"இப்போ சரி," என்று காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். "பதினஞ்சாவது வாசி."